சுரமண்டலத்தில் ஒரு பியானோ கீதம்



அந்தப் பாட்டின் பெயர் உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். ஆனால் நீங்கள் அதைக் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்குக் கீபோர்டு வாங்கியவர்கள், அதில் முன்பே பதிந்துள்ள மாதிரி இசைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கும்போது கேட்டிருப்பீர்கள். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கிறவர்கள், எதிர்வீட்டுப் பிள்ளை இசைத் தேர்வுக்காக மாலைதோறும் அதைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைக் கேட்டிருப்பீர்கள். நம் சுரங்களில் சொன்னால் ‘ப ம ப ம ப ரி ம க ஸ’ என்று அது தொடங்கும். ஜெர்மானிய இசைமேதை பீத்தோவன் இயற்றிய ‘ஃபூர் எலிசே’ என்பதே அது. ‘எலிசேக்காக’ என்று பொருள். (எலிசே என்பது எலிசபெத்து என்னும் பெயரின் சுருக்கம். எலிசா தீர்க்கதரிசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. எங்கள் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி அப்படி எண்ணிக்கொண்டிருந்தபடியால் இதைச் சொல்லுகிறேன்.)

பீத்தோவன் இதை எழுதியது 1810ஆம் ஆண்டில். அவருடைய செவிகள் மந்தமாகத் தொடங்கி அப்பொழுது பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 1802இலேயே தம் சகோதரருக்கென்று எழுதி, அனுப்பாமலே வைத்துவிட்ட கடிதம் ஒன்றில் அந்த வேதனையைக் கொட்டியிருந்தார். 1827இல் அவர் மரித்தார். இந்தச் சிறு கீதமோ அவர் மரித்து நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1867இல்தான் அச்சேறியது. மூலப் பிரதியும் பிற்பாடு காணாமற்போயிற்று. எலிசே என்பவள் யார் என்பது ஆய்வாளர்களுக்குள்ளே இன்னும் தீராத வழக்கு. இப்படி, யாருக்காக எழுதப்பட்டது என்றே உறுதியாய்த் தெரியாத ஒரு பாட்டு உலகத்தின் வீடுகளுக்குள்ளெல்லாம் நுழைந்திருக்கிறது.

எனக்கு அது வேதாகமக் கல்லூரியில் அறிமுகமாயிற்று. சிற்றாலயத்தின் மூலையில் ஒரு பழைய பியானோ இருந்தது. ஆசிரியர் ஒருவரின் மனைவி சாயங்கால ஜெபத்துக்கு முன் அரைமணி நேரம் தனியே அமர்ந்து வாசிப்பார். ஞானப்பாட்டுகளை வாசித்து முடித்து, கடைசியாக இதை ஒருமுறை வாசித்துவிட்டுப் பியானோவின் மூடியை இறக்குவார். வெளியே மரத்தடியில் நின்று எபிரெய வினைச்சொற்களை மனனம் செய்துகொண்டிருந்த எனக்கு, அன்றைய பகற்பொழுது முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஒன்பது சுரங்களைக் கேட்டால் என் மனம் அமர்ந்துவிடுகிறது. ஆகவே இதைக் குறித்து நான் நடுநிலையோடு எழுதுகிறேன் என்று எண்ணிவிடாதிருங்கள்.

இந்தக் கீதத்தைப் பியானோவில் அல்லாமல் வேறொரு வாத்தியத்தில் கேட்க நேர்ந்ததையும், அதனோடு சேர்ந்து வந்த ஒரு கேள்வியையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இடுக்கி மாவட்டத்தின் வண்டிப்பெரியாறு, பீர்மேடு பகுதிகளுக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கென்று மலையேறிய தமிழ்க் குடும்பங்களை உங்களில் அநேகர் அறிவீர்கள். சிலர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளே. 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது அங்கே பல தோட்டங்கள் மூடப்பட்டன. கொழுந்து பறித்தே பிள்ளைகளை வளர்த்த தாய்மார் அந்நாட்களில் பட்ட பாட்டை, அப்பகுதியில் ஊழியம் செய்தவனாகிய நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட தாயார் ஒருவர் இன்று பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகே தம் இளைய மகனோடு வாழ்கிறார். தோட்டத்தில் வேலை முடிந்தால் லயத்து அறையையும் ஒப்படைத்துவிட வேண்டும் அல்லவா? இப்பொழுது நான் ஊழியம் செய்யும் எல்லைப்புறச் சபையிலேயே அவர் ஆராதிக்கிறார். அவருடைய மூத்த மகள் கடன் வாங்கி பெங்களூரில் செவிலியர் படிப்பு முடித்து, சில ஆண்டுகள் சென்னையில் பணியாற்றி, இன்று பிரிட்டனின் வேல்ஸ் நாட்டில், சுவான்சி நகரத்து மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிறார். அந்த மகளின் மகளுக்குப் பதினாறு வயது. அவள் பள்ளியில் கற்றுக்கொள்வது ஹார்ப் என்னும் வாத்தியம். தஞ்சாவூருக்கு வீணை எப்படியோ, வேல்ஸ் நாட்டுக்கு ஹார்ப் அப்படி. கையில் காசுள்ளவர்களின் ஆடம்பரம் என்று எண்ண வேண்டாம். அவள் வாசிப்பது பள்ளியிலிருந்து இரவலாகக் கிடைத்த வாத்தியம்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அந்தத் தாயார் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். பேத்தி வாசித்த பதிவு அதில் இருந்தது. கேட்டேன். ‘ப ம ப ம ப ரி ம க ஸ’. கல்லூரிச் சிற்றாலயத்தில் பியானோ பேசிய அதே பேச்சு. ஆனால் குரல் வேறு. முடிந்ததும் தாயார் கேட்டார்: “ஐயா, இது கர்த்தருடைய பாட்டா, உலகப் பாட்டா?”

அடுத்த வாரம் வீட்டு ஜெபத்துக்கு வரும்போது சொல்லுகிறேன் அம்மா என்றேன். அந்த ஒரு வாரத்தில் நான் வேதத்தையும் வாசித்தேன். ஹார்ப்பைக் குறித்தும் வாசித்தேன்.

எங்கள் எல்லைப்புறச் சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. தமிழ் வேதாகமமும் மலையாள வேதாகமமும் ஒரே வரிசையில் திறந்திருக்கும். நூற்றைம்பதாம் சங்கீதத்தை வாசிக்கும்போது தமிழில் ‘சுரமண்டலம்’ என்று வருமிடத்தில் மலையாளத்தில் ‘கின்னரம்’ என்று வரும். நம் தமிழ் வேதாகமத்திலும் கின்னரம் இல்லாமலில்லை. யூபாலைக் குறித்துச் சொல்லும் ஆதியாகமம் நான்காம் அதிகாரத்திலும், பாபிலோனின் ஆறுகள் அருகே சிறைப்பட்ட ஜனங்கள் அலரிச்செடிகளின்மேல் தூக்கிவைத்ததைச் சொல்லும் நூற்றுமுப்பத்தேழாம் சங்கீதத்திலும் அந்தச் சொல்லே வருகிறது. இவை யாவும் எபிரெயத்தில் ‘கின்னோர்’. தாவீதின் கையிலிருந்த அது, இன்றைய மேடைகளில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஹார்ப் அன்று. மடியிலோ கையணைப்பிலோ தாங்கிக்கொள்ளத்தக்க சிறிய நரம்புக் கருவி. எனினும் இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. வில்லாலோ சுத்தியலாலோ அல்ல, மனுஷனுடைய விரல் நேரே நரம்பைத் தொட்டு எழுப்பும் ஓசை.

நம் முன்னோருக்கும் இந்தக் குலத்தில் ஒரு வாத்தியம் இருந்தது: யாழ். சங்க நூல்கள் அதைக் கொண்டாடுகின்றன. பின்பு வீணை தலையெடுத்தது, யாழ் மறைந்தது. தஞ்சாவூரில் வாழ்ந்த கிறிஸ்தவராகிய ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலில் பழந்தமிழ் இசையின் சுருதிகளை ஆராய்ந்தார். சுவாமி விபுலாநந்தர் 1947இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார். நம் நாட்களில் சென்னையில் தருண் சேகர் என்னும் இளைஞர் அந்த யாழை மீண்டும் மரத்தில் செதுக்கி, நரம்பு பூட்டி, ஒலிக்கவும் செய்திருக்கிறார். ஆகையால் சுவான்சியில் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை ஹார்ப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு அமர்ந்திருப்பது, பார்ப்பதற்குத் தோன்றும் அளவுக்கு அந்நியமான காரியமன்று.

இனி, அந்தப் பிள்ளை என்ன செய்தாள் என்பதைக் கொஞ்சம் பொறுமையாய்க் கேளுங்கள். பியானோவின் பாட்டு ஹார்ப்புக்குப் போவதென்றால், புத்தகத்தை அங்கிருந்து எடுத்து இங்கே வைத்துவிடுவதாகாது.

பியானோவில் எண்பத்தெட்டுக் கட்டைகள். வெள்ளையும் கறுப்புமாய் எல்லா அரைச்சுரங்களும் விரலுக்குக் கீழே தனித்தனியாய் இருக்கின்றன. பெரிய ஹார்ப்பில் நாற்பத்தேழு நரம்புகள். கறுப்புக் கட்டைகளுக்கு அங்கே தனி நரம்பு கிடையாது. வழி தெரிவதற்காகச் சில நரம்புகளுக்குச் சிவப்பும் கறுப்புமாய்ச் சாயமேற்றியிருப்பார்கள், அவ்வளவுதான். அரைச்சுரம் வேண்டுமானால் காலால் மிதிக்க வேண்டும். அடியில் ஏழு சுரத்துக்கு ஏழு பெடல்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள். மிதித்தால், மேலே நரம்பின் தலைமாட்டில் உள்ள சிறு தகடு திரும்பி, அதன் முளைகள் நரம்பைக் கவ்வி நீளத்தைக் குறைக்கும், சுரம் உயரும். இந்த அமைப்புக்கு செபாஸ்தியன் எரார் என்னும் பிரெஞ்சுக் கைவினைஞர் காப்புரிமை பெற்ற ஆண்டு 1810. பீத்தோவன் எலிசேக்காக எழுதிய அதே ஆண்டு! அவ்விருவரும் ஒருவர் செய்வதை ஒருவர் நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் அந்த ஆண்டைக் கண்டபோது நான் புன்னகைத்துக்கொண்டேன்.

இப்போது அந்த முதல் ஒன்பது சுரங்களைப் பாருங்கள். ‘ப ம ப ம ப’ என்பதில் வரும் ‘ம’ இரண்டும் பிரதி மத்தியமம். அதற்குப் பின் ‘ரி ம க ஸ’ என்பதில் வரும் ‘ம’ சுத்த மத்தியமம். பியானோவில் முன்னது கறுப்புக் கட்டை, பின்னது பக்கத்து வெள்ளைக் கட்டை. விரல் சற்றே நகர்ந்தால் போதும். ஹார்ப்பிலோ இரண்டும் ஒரே நரம்பு. ஒரு மூச்சுக்குள் அந்த ஒரே நரம்பு தன் குரலை மாற்றிக்கொள்ள வேண்டும். கேட்கிறவன் வலக்கையின் விரல்களையே கவனிப்பான். வேலை நடப்பதோ இடது பாதத்தில். கீழ்ப்பள்ளத்தில் மிதித்துப் பூட்டிய பெடலை, ‘ப’வுக்கும் ‘ரி’க்கும் இடையிலுள்ள நொடிக்குள் நடுநிலைக்கு விடுவிக்க வேண்டும். நரம்பு இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கும்போதே விடுவித்தால் ‘கிர்’ என்று ஓர் உராய்வு கேட்கும். விடுவித்ததை அடுத்த அடியில் மறுபடியும் மிதிக்க வேண்டும். பாட்டின் தலைப்பகுதி மூன்று முறை திரும்பி வருகிறதாகையால் எத்தனை மிதிகள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். இந்த ஒரு பாதத்தைப் பழக்கவே பேத்திக்கு ஒரு மாதம் பிடித்ததாம்.

அடுத்தது இன்னும் கடினம். பாட்டின் நடுவே, இருண்டு வரும் ஒரு பகுதி உண்டு. இடக்கை மந்தர ஸ்தாயியில் ‘ஸ ஸ ஸ ஸ’ என்று ஒரே சுரத்தை நெஞ்சு படபடப்பதுபோல் அடித்துக்கொண்டே இருக்கும். பியானோவில் சுத்தியல் அடித்துவிட்டு விலகிவிடும்; மீண்டும் அடிக்கும். ஹார்ப்பிலோ, அதிர்கிற நரம்பின்மேல் மறுபடியும் விரல் வைக்கும்போதே முந்தின ஓசை அறுந்துபோகிறது. மற்றச் சுரங்கள் பலவற்றுக்கு ஓர் உபாயம் உண்டு. பக்கத்து நரம்பைப் பெடலால் ஏற்றியோ இறக்கியோ அதே சுரத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு நரம்புகளையும் மாற்றி மாற்றித் தொடலாம். மூன்று சுரங்களுக்கு மட்டும் அந்த வசதி இல்லை. அவற்றுள் ஒன்று, மேனாட்டார் ‘ஏ’ என்றழைக்கும் இந்தச் சுரமே. ஆகவே பிள்ளையின் ஆசிரியை அந்த இடத்தில் அடிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, கீழ் ஸ்தாயியையும் மேல் ஸ்தாயியையும் மாற்றி மாற்றித் தொடும்படி எழுதிக்கொடுத்திருக்கிறார்.

மூன்றாவது இடத்தை ஹார்ப் கைவிட்டேவிட்டது. கடைசியாகத் தலைப்பகுதி திரும்பி வருவதற்குச் சற்று முன், பன்னிரண்டு அரைச்சுரங்களையும் ஒன்றுவிடாமல் தொட்டு, வலக்கை மேலிருந்து சறுக்கி இறங்கும் ஓர் ஓட்டம் இருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாய் ஓடுவது பியானோவுக்கு விளையாட்டு. ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் காலை நம்பியிருக்கும் வாத்தியம் அந்த வேகத்தில் அதைச் செய்வது ஆகாத காரியம். ஆசிரியை அதை எடுத்துவிட்டு, ஏழு சுரத்து எளிய இறக்கம் ஒன்றை வைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால், அந்த இடத்தில் எனக்குப் பியானோவே பிடித்தமாயிருக்கிறது. அந்தச் சறுக்கல் இல்லாத குறை என் காதில் பட்டது.

ஆனால் இழந்ததை மட்டும் சொல்லி நிறுத்தினால் அநியாயமாகும். பாட்டின் தொடக்கத்தில், வலக்கை ‘ஸ’வில் வந்து நின்றவுடன் இடக்கை மூன்று சுரங்களைப் படிப்படியாய் மேலேற்றுகிறது. சேர்த்து அடிக்க வேண்டிய சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாய்ச் சிதறவிடும் இந்த முறைக்கு இசையுலகில் ‘ஆர்ப்பெஜியோ’ என்று பெயர். இத்தாலிய மொழியில் ‘ஆர்ப்பா’ என்றால் ஹார்ப். ஹார்ப் வாசிப்பதுபோல் வாசிப்பதே ஆர்ப்பெஜியோ. அதாவது, பியானோ அந்த இடத்தில் ஹார்ப்பைப் போலப் பேச முயன்றுகொண்டிருந்தது. இப்பொழுது அந்தச் சுரங்கள் தங்கள் தாய்வீட்டுக்கு வந்திருக்கின்றன. பியானோவில் கட்டையை விட்டால் ஓசை அமர்ந்துவிடும். ஹார்ப்பில் கை எடுத்த பின்பும் நரம்பு பேசிக்கொண்டே இருக்கும். முதல் சுரத்தின்மேல் இரண்டாவது, அதன்மேல் மூன்றாவது என்று படிந்து, அறை முழுவதும் மணி அடித்து ஓய்ந்தாற்போலிருக்கிறது. வேண்டாத இடத்தில் அந்த ஓசையை நிறுத்துவதற்கும் தனிக் கருவி இல்லை. எழுப்பிய அதே கைகள் திரும்பி வந்து, உள்ளங்கையை விரித்து நரம்புகளின்மேல் வைத்து அமர்த்த வேண்டும். அந்தப் பதிவின் முடிவில், பிள்ளையின் கைகள் நரம்பைத் தொட்டு அமர்த்தும் மெல்லிய சத்தமும் கேட்கிறது.

இவ்வளவும் வாசித்தறிந்த பின்பும், தாயாரின் கேள்வி அப்படியே என் முன் இருந்தது.

பிரியமானவர்களே, இந்தக் கேள்வியை எளிதாய்த் தள்ளிவிடுகிறவன் நான் அல்லன். அதே வேல்ஸ் நாட்டிலும் இது கேட்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹோவெல் ஹாரிஸ், டேனியல் ரோலண்ட் ஆகியோர் நாட்களில் அங்கே எழுப்புதல் உண்டானபோது, மனந்திரும்பியவர்கள் குடியையும் கூத்தையும் விட்டார்கள். கூத்தோடும் குடியோடும் கலந்திருந்தபடியால் ஹார்ப்பையும் பலர் விட்டார்கள். எட்வர்ட் ஜோன்ஸ் என்னும் ஹார்ப் கலைஞர் 1802இல் வெளியிட்ட நூலில், தம் நாட்டின் பாட்டும் களிப்பும் போதகர்களால் அழிந்தன என்று கோபத்தோடு எழுதினார். அதற்கு நூறு ஆண்டுகளுக்குப் பின், 1904இல், சுவான்சிக்கு அருகிலுள்ள லகர் என்னும் சிற்றூரில் சுரங்கத் தொழிலாளியாயிருந்த ஈவான் ராபர்ட்ஸ் வழியாக மூண்ட எழுப்புதலை நாம் எத்தனை முறை பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம்! மறு ஆண்டே அதன் அனல் நம் காசி மலைகளிலும் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனிலும் பற்றியதையும் அறிவோம். அந்த எழுப்புதலின் நாடே இன்று ஹார்ப்பைத் தன் தேசிய வாத்தியமென்று பள்ளிப்பிள்ளைகளின் கையில் கொடுக்கிறது.

இதில் யார் செய்தது சரி? என் எண்ணத்தைச் சொல்லுகிறேன். வாத்தியத்தை விட்டவர்களை நான் ஏளனம் செய்யமாட்டேன். எங்கள் பகுதியில் தவில் வாசித்துப் பிழைத்த ஒரு சகோதரர், ஞானஸ்நானம் பெற்ற பின் தவிலைத் தொடவேயில்லை. தவிலைக் கண்டாலே கள்ளுக்கடை நினைவுக்கு வருகிறது ஐயா என்றார். அவருடைய மனச்சாட்சிக்கு அது சரியே. ஆனால் அவருடைய கண்ணீர் ஊரார் எல்லாருக்கும் சட்டமாகிவிடக்கூடாது. அந்தச் சகோதரரின் மகன் இன்று சபையில் டிரம்ஸ் வாசிக்கிறான்; தகப்பனார் முன்வரிசையில் அமர்ந்து கைதட்டுகிறார்.

வீட்டு ஜெபத்துக்குப் போன அன்று, தாயாரிடம் முதலாம் சாமுவேல் பதினாறாம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னேன். சவுல் கலங்கியபோது தாவீது சுரமண்டலத்தை எடுத்தான். எதைப் பாடினான் என்று அங்கே எழுதியிருக்கிறதா அம்மா, பாருங்கள் என்றேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இரண்டு முறை வாசித்தார். பாடினதாகவே இல்லை. கையினால் வாசித்தான் என்றுமட்டும் இருக்கிறது. இரண்டாம் இராஜாக்கள் மூன்றாம் அதிகாரத்திலும் அப்படியே. எலிசா தீர்க்கதரிசி கர்த்தருடைய வார்த்தையைச் சொல்லுமுன்னே ஒரு வாத்தியக்காரனை அழைத்துவரச் சொன்னார். அந்த மனுஷன் எந்தப் பாட்டை வாசித்தான், அவன் பேர் என்ன, ஒன்றும் எழுதப்படவில்லை. அவன் வாசித்துக்கொண்டிருக்கையில் கர்த்தருடைய கரம் தீர்க்கதரிசியின்மேல் இறங்கிற்று.

வாத்தியம் வாசித்தால் எல்லாம் நன்றாகும் என்று வேதம் சொல்லுகிறதென்று நினைத்துவிடாதபடி, பத்தொன்பதாம் அதிகாரத்தையும் காட்டினேன். அங்கேயும் தாவீது வாசித்துக்கொண்டுதான் இருந்தான். அதே சவுல் ஈட்டியால் அவனைச் சுவரோடே சேர்த்துக் குத்தப் பார்த்தான். ஆமோஸ் ஆறாம் அதிகாரத்தில், யோசேப்பின் ஆபத்துக்குக் கவலைப்படாமல் கட்டிலில் சாய்ந்து வாத்தியங்களோடு பாடிக்கொண்டிருந்தவர்கள் கண்டிக்கப்படுகிறார்கள். அவர்கள் தங்களைத் தாவீதைப்போல எண்ணிக்கொண்டார்கள் என்பதும் அங்கேயே இருக்கிறது. அதே வாத்தியம், அதே தாவீதின் பெயர், இருந்தும் கண்டனம்.

“அப்படியானால் இது எந்தப் பாட்டு ஐயா?” என்றார் தாயார், விடாமல்.

பேத்தி பதிவோடு என்ன எழுதி அனுப்பினாள் என்று கேட்டேன். கைப்பேசியில் தமிழ் எழுத்து அவளுக்கு வராது. ஆங்கில எழுத்தில் ‘பாட்டிக்கு’ என்றுமட்டும் எழுதியிருந்தாள். அம்மா, இதை எழுதினவர் எலிசேக்காக எழுதினார், உங்கள் பேத்தி உங்களுக்காக வாசித்திருக்கிறாள் என்றேன். தாயார் சற்றுநேரம் பேசவில்லை. பின்பு, தம் மனதில் இருந்ததைச் சொன்னார். தொலைபேசியில் பேத்தி நாலு வார்த்தைக்கு மேல் தமிழில் பேசுகிறதில்லை. மகளுக்கோ இரவுப் பணி. ஞாயிறுதோறும் அவர்கள் போகும் சபையில் ஆங்கில ஆராதனை. “நம்ம ஜெபம், நம்ம பாட்டு ஒன்றுமே அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேராதோ என்று பயமாயிருக்கிறது ஐயா.”

கர்த்தருடைய பாட்டா, உலகப் பாட்டா என்று அவர் கேட்டதன் உள்ளே இருந்தது இந்தப் பயம்தான்.

வாசகரே, இந்தப் பத்திரிகை உங்களில் பலருக்கு வந்து சேருவது, பிறந்த ஊரின் விலாசத்தில் அன்று. தோட்டக்காட்டில் நாம் குடியிருந்த வரிசை வீட்டுக்கு ‘லயம்’ என்று பெயர். இசையில் காலப்பிரமாணத்துக்கும் ‘லயம்’ என்றே பெயர். அந்த லயத்தை விட்டு இறங்கி நகரத்துக்கு வந்தபோது நம் ஜெபத்தின் லயமும் மாறிற்று. விடியற்கால நாலு மணி ஜெபம் வேலைநேரத்தால் இரவு பத்து மணிக்குப் போனது. சுவருக்கு அப்பால் ஜெபிக்கிற சத்தம் கேட்டு இப்பால் ஆமென் சொன்ன நாட்கள் அடுக்குமாடியில் இல்லை. இரைச்சல் என்று புகார் வருமோ என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு அந்நியபாஷை பேசுகிறோம். சில சுரங்களை விட்டுத்தான் வந்திருக்கிறோம். அதைப் பொய் சொல்லி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அந்த ஆசிரியை உட்கார்ந்து யோசித்தாரே, அப்படி யோசித்து விட்டோமா, கைக்கு வராததையெல்லாம் தானாக விழவிட்டோமா என்பது நான் எனக்கும் கேட்டுக்கொள்ளும் கேள்வி. ஓட்டத்தை எடுத்துவிட்டார், அடிகளைக் குறைத்தார். அந்த ஒன்பது சுரங்களில் மட்டும் ஒன்றையும் தொடவில்லை. அதற்காக ஒரு மாதம் பிள்ளையின் பாதத்தைப் பழக்கினார்.

தாயார் என் பதிலை முழுவதும் ஏற்றுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னது இவ்வளவே: “சரி ஐயா. அப்படியானால் நம்ம கீர்த்தனை ஒன்றையும் அதில் வாசிக்கச் சொல்லுங்கள்.” லயத்தில் குடும்ப ஜெபத்தில் அவர் பாடிவந்த பழைய கீர்த்தனை ஒன்றைச் சொன்னார். நானும் செய்தி அனுப்பினேன்.

பேத்திக்கு எலிசேயைவிட இது கடினமாயிற்று. பியானோவுக்கும் ஹார்ப்புக்கும் எத்தனை வேற்றுமை இருந்தாலும், சுரம் நின்ற இடத்தில் நிற்பதில் இரண்டும் ஒரே ஜாதி. நம் கீர்த்தனையின் சுரமோ நிற்கிறதில்லை. அசைகிறது, வழுக்குகிறது, அடுத்த சுரத்தை எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்புகிறது. வீணையில் நரம்பை இழுத்து அந்தக் கமகத்தைக் கொண்டுவரலாம். ஹார்ப்பில் பெடலை மெல்ல நகர்த்தி அரைச்சுரம் வழுக்கலாமே தவிர, அதற்குமேல் வழியில்லை. மூன்று வாரம் கழித்து வந்த பதிவில் மெட்டு இருந்தது, அசைவு இல்லை. தாளம் சற்றே ஞானப்பாட்டு நடைக்குப் போயிருந்தது. ஆனாலும் இரண்டாம் அடியில், ஒரே ஓரிடத்தில், இடது பாதத்தின் வேலையாக ஒரு சிறு வழுக்கல் கேட்டது.

தாயார் கைப்பேசியைக் காதோடு வைத்து இருமுறை கேட்டார். இரண்டாம் முறை முடிந்ததும், “இந்த இடத்தில் இன்னும் கீழே இறங்கி வரவேண்டும்” என்று சொல்லி, மகனை அழைத்துக் குரல் பதிவுக்கு எந்த இடத்தை அழுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, அந்த அடியை அவரே பாடி அனுப்பினார். எழுபதைக் கடந்த குரல். ஈரத்தில் கொழுந்து பறித்த ஆண்டுகள் அதில் இருமலாய் இருந்தன. அரைமணி நேரத்தில் சுவான்சியிலிருந்து பதில் வந்தது. தட்டுத்தடுமாறிய தமிழ்.

“பாட்டி, மெதுவா, இன்னொரு தடவை பாடுங்க.”

அவர் மறுபடியும் அந்த இடத்தை அழுத்தினார்.